பல் டாக்டரும் ஒரு பச்சைப் பொய்யும்

அந்தப் பல் மருத்துவமனையில் நாற்காலிகள் மட்டும்தான் காத்திருந்தன.

சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு குழந்தை எல்லாப் பற்களையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. திருப்பிச் சிரிக்க ஆளில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் டாக்டரே உட்கார்ந்திருந்தார். வரவேற்புப் பெண் போன வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாள். "எங்க வீட்ல பயப்படறாங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவள், சாவியைக்கூட நேரில் வந்து கொடுக்காமல் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நீங்கதான் அண்ணியா?" என்று எழுந்தார் டாக்டர்.

உள்ளே வந்த பெண்மணி தலையசைத்தார். இன்சூரன்ஸ் நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் பிரிவில் பல வருடம் இருந்தவர். எரியாத கடைக்குத் தீ விபத்துப் பணம் கேட்டவர்களையும், உயிரோடு இருக்கிற மாமனாருக்கு ஒப்பாரி வைத்தவர்களையும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டு, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். உதவிக்குக் கணவரின் தம்பியைச் சேர்த்துக்கொண்டார். அவன் நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில், வாடிக்கையாளர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் கட்டட உரிமையாளருக்கும்கூட அவர் அண்ணியாகிவிட்டார்.

பின்னால் வந்த அந்தத் தம்பியை எல்லோரும் பிளேடு என்பார்கள். ஏன் என்பது அவன் வாயைத் திறந்தால் தெரிந்துவிடும்.

"டோக்கன் எடுக்கணுமா டாக்டர்? கூட்டத்தைப் பார்த்தா இன்னைக்கு நம்ம முறை வராது போல" என்று திறந்தான்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் பிணவறையிலேர்ந்து பல்லு வாங்கி, இங்க வர்றவங்களுக்கு வைக்கிறேனாம். அப்படி ஒரு சேதி."

"மொத்த வியாபாரமா, சில்லறையா?"

அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் மூலையிலிருந்த மீன் தொட்டியை ஆராயப் போய்விட்டான்.

"நாங்க வைக்கிறது எல்லாம் லேப்ல செய்யறது. பீங்கான் மாதிரி ஒரு பொருள். யாரு வேணா வந்து பாக்கலாம். ஆனா யாரும் வரல" என்றார் டாக்டர். "என் பொண்ணு ஸ்கூல்ல தனி பெஞ்சுல உட்கார்றா. 'உங்க அம்மா என் பல்லையும் பிடுங்கிடுவாங்களா'ன்னு ஒரு பையன் கேட்டிருக்கான். எங்க மாமியார், நானே அளவெடுத்துச் செஞ்ச பல் செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு, பிஸ்கட்டைப் பால்ல ஊறவச்சுச் சாப்பிடறாங்க. என்னம்மான்னு கேட்டா, 'இது யாரோடதோ, நமக்கெதுக்கு வம்பு'ங்கறாங்க."

சொல்லும்போது குரல் உடையவில்லை. ஆனால் மேசை மேலிருந்த பேனாவை அவர் மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"யார் மேலயாவது சந்தேகம்?"

"எதிர்க் கட்டடத்துல புதுசா ஒரு பல் டாக்டர் வந்திருக்கார். வேற யாருக்கு இதுல லாபம்?"

"சரி. உங்களுக்காக யாராவது பேசினாங்களா?"

டாக்டரின் முகம் முதல் முறையாகக் கொஞ்சம் தெளிந்தது. "ஒரே ஒருத்தர். 'அக்குவேறு' சேனல்ல 'ஆணிவேறு'ன்னு ஒரு நிகழ்ச்சி வருதில்ல, வதந்தியெல்லாம் பொய்யின்னு நிரூபிக்கிறது? அவர் மட்டும் எனக்காகப் பேசலைன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ. நன்றி சொல்லி மெயில்கூடப் போட்டேன்."

அண்ணி அந்த வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முகப்பில் டாக்டரின் புகைப்படம். பக்கத்தில் ரத்தம் சொட்டும் ராட்சசப் பல். மேலே கொட்டை எழுத்தில், 'பிணப்பல் டாக்டர்?'

"கேள்விக்குறி போட்டிருக்காங்களே, அது வரைக்கும் நல்ல மனசு" என்றான் மீன் தொட்டிப் பக்கமிருந்து பிளேடு.

ரசிகர்கள் மறுப்பு மன்னன் என்று கொண்டாடும் அந்தத் தொகுப்பாளர் திரையில் தோன்றினார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், புருவத்தை உயர்த்தினார். 'ஊரெங்கும் காட்டுத்தீ போலப் பரவிவரும் இந்தத் தகவல்' என்று குரல் கனக்க, ஒரு வாட்ஸாப் செய்தியின் படம் வந்தது. அதன் மேல் டமார் என்ற ஓசையோடு சிவப்பு முத்திரை விழுந்தது. பொய். அப்புறம் லேபில் பல் எப்படிச் செய்கிறார்கள் என்று சில வரி. அப்புறம் நீண்ட நேரம், இறந்தவர்களின் பல்லை வைத்தால் என்னென்ன நோய் வரக்கூடும் என்று ஒரு நிபுணர்.

பார்த்தவர்களின் எண்ணிக்கையைக் கவனித்த அண்ணி உதட்டைப் பிதுக்கினார். இந்த ஊரில் அத்தனை வாயே கிடையாது.

எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர், அண்ணியையும் பிளேடையும் நோயாளிகள் என்று நினைத்து ஓடிவந்து கதவைத் திறந்தார். இல்லை என்று தெரிந்ததும் அவர் தோள் தொங்கிவிட்டது.

"எனக்கு லாபமா? அந்தம்மா பேரு கெட்டதுல என் பேரும் சேர்ந்து போச்சுங்க. நேத்து ஒரே ஒருத்தர் வந்தார். வைக்கப்போற பல்லைக் கையில வாங்கிப் பார்த்து, மோந்து பார்த்துட்டு, 'இறந்தவருக்கு எத்தனை வயசு'ன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்ல?"

"இந்த வதந்தியை நீங்க முதல்ல எங்க பார்த்தீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"'ஆணிவேறு'லதான். அது பொய்யின்னு சொன்னாங்களே, அப்பதான் அப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சுது."

அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். படியிறங்கும்போது பிளேடிடம், "டாக்டர்கிட்ட வராம நின்னுபோன பேஷண்டுங்க நம்பரை வாங்கு. எல்லாருக்கும் போன் போடு. ஒரே கேள்விதான் கேக்கணும்" என்றார்.

தெருமுனைக் காபிக் கடையில் உட்கார்ந்து பிளேடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டான். ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு தையல்காரர், கல்யாணம் நிச்சயமான பெண்ணின் அம்மா. எல்லோரும் வேறு வேறு குரலில் ஒரே பதிலைச் சொன்னார்கள். 'அது பொய்யாமே, சேனல்ல சொன்னாங்க.'

"பொய்யின்னுதான் தெரியுமே, அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட போகலைன்னு கேட்டேன் அண்ணி" என்றான் பிளேடு காது சிவக்கப் போனைக் கீழே வைத்து. "கணக்கு வாத்தியார் சொல்றாரு, 'பொய்தான் தம்பி, இருந்தாலும் வாயில வைக்கிற விஷயமில்லையா'ங்கறாரு."

"வதந்தியை நேராப் பார்த்த ஆளு?"

"ஒருத்தருமில்ல. காட்டுத்தீன்னாங்க. இங்க ஒரு வீட்லயும் புகையக் காணோம்."

அண்ணி காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பு" என்றார்.

"பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா?"

"அனுப்பு."

'பசிக்குது' என்று அனுப்பினான் பிளேடு. அண்ணி இரண்டு போன்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உன் போன்ல பசிக்குது எந்தப் பக்கம் இருக்கு?"

"வலப்பக்கம். பச்சைக் கட்டத்துல."

"என் போன்ல?"

"இடப்பக்கம். வெள்ளைக் கட்டத்துல. பசி எனக்குத்தானே, உங்ககிட்ட வந்ததும் வெளுத்துப்போச்சு."

அண்ணி வீடியோவை ஓடவிட்டு, வதந்தியின் படம் வந்த இடத்தில் நிறுத்தினார். சிவப்பு முத்திரைக்குப் பின்னால் அந்தச் செய்தி தெளிவாகத் தெரிந்தது. வலப்பக்கம். பச்சைக் கட்டம்.

பிளேடு நிஜமாகவே வாயடைத்துப்போய்க் கொஞ்ச நேரம் இருந்தான். அது அபூர்வம். "அப்போ இது வந்த சேதி இல்ல. இந்தப் போன்லேர்ந்து கிளம்பின சேதி."

"யாரோ அனுப்பினதை இன்னொருத்தருக்குத் தள்ளிவிட்டிருந்தாலும் வலப்பக்கம்தான் இருக்கும். ஆனா தள்ளிவிட்டா மேல ஒரு வளைஞ்ச அம்புக்குறி வரும். இதுல அது இல்ல. உட்கார்ந்து தன் கையால டைப் பண்ணியிருக்காங்க. பண்ணின ஆளே அதைப் படம் பிடிச்சுச் சேனலுக்குக் குடுத்திருக்காங்க."

"பச்சைப் பொய்யின்னு சும்மாவா சொல்றாங்க" என்றான் பிளேடு. வாய் திரும்பக் கிடைத்துவிட்டது.

அக்குவேறு சேனலின் அலுவலகம் கண்ணாடியால் ஆனது. உள்ளே நுழைந்ததும் சுவரில் பித்தளை எழுத்தில் 'எங்கள் நெறிகள்'. உண்மை, துல்லியம், பொறுப்பு என்று வரிசையாக. பொறுப்புக்கு முன்னால் தீயணைப்புக் கருவியை மாட்டியிருந்ததால் அதில் பாதி எழுத்து தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஆளுயரத் திரை. எந்த வீடியோவை இந்த நொடியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் அதில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. மேசைகளில் இருந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்க்க வசதியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். நெறிகளுக்கு அவர்கள் முதுகு.

"ஒரு பொய் கொண்டுவந்திருக்கோம். எங்க குடுக்கணும்?" என்று கேட்டான் பிளேடு.

வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே, "புதுசா, ஏற்கெனவே ஓடினதா?" என்றாள்.

"சுடச்சுடங்க."

"நேராப் போய் மூணாவது கதவு."

மூன்றாவது கதவுக்குப் பின்னால் ஒப்பனை அறை. மறுப்பு மன்னன் சட்டைக் காலரில் காகிதம் செருகிக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தன் புருவத்தைத் தானே தீட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் விஷயமாக வந்திருக்கிறார்கள் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அந்த எபிசோடா? இந்த வருஷத்துலேயே அதுதான் டாப். டாக்டர் எனக்கு மெயில் போட்டிருந்தாங்க. படிச்சு அழுதுட்டேன். அதையே ஒரு வீடியோவாப் போட்டோம், அதுவும் நல்லாப் போச்சு."

"எபிசோடு போடறதுக்கு முன்னாடி டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினீங்களா?" என்றார் அண்ணி.

"எதுக்குங்க? அவங்க நல்லவங்கன்னுதானே சொல்லப்போறோம். நல்லது சொல்றதுக்குக் கேட்டுட்டா சொல்வாங்க?"

"சேதியைச் சரிபார்த்தீங்களா?"

"பொய்யின்னு எங்க சேனல் ஆசிரியர் சொல்லித்தான் குடுத்தார். பொய்யின்னு தெரிஞ்சப்புறம் அதுல சரிபார்க்க என்ன இருக்கு?"

பிளேடு அண்ணியைப் பார்த்தான். அண்ணி கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"அந்த வாட்ஸாப் படம், முத்திரை குத்தாத ஒரிஜினல், உங்ககிட்ட இருக்கா? நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு பார்க்கணும்."

கஷ்டப்பட்டு என்ற வார்த்தை வேலை செய்தது. மன்னன் போனைத் தேடி எடுத்து நீட்டினார். அண்ணி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வீடியோவில் முத்திரை மறைத்திருந்த இடத்தில், பச்சைக் கட்டத்தின் கீழ் மூலையில், அது இருந்தது.

"பிளேடு, இது என்ன?"

"டிக்கு."

"எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு." அவன் குனிந்து மறுபடி பார்த்தான். "அண்ணி, ஒரு டிக்குன்னா, அனுப்பிச்சாச்சு, ஆனா யாருக்கும் போய்ச் சேரலைன்னு அர்த்தம்."

"காட்டுத்தீ" என்றார் அண்ணி, மன்னனைப் பார்த்து. "தீக்குச்சி இன்னும் பெட்டியை விட்டே வெளிய வரலைங்க. ஊர்ல ஒரு ஆளுகூடப் படிக்காத வதந்தியை நீங்க மறுத்திருக்கீங்க."

மன்னனின் ஒரு புருவம் தீட்டியிருந்தது, ஒன்று தீட்டவில்லை. அவர் ஆச்சரியப்படுகிறாரா இல்லையா என்று பாதி முகம்தான் சொன்னது.

அண்ணி இன்னும் படத்தை நகர்த்திக்கொண்டிருந்தார். செய்திக்குப் பின்னால், சிலர் தங்கள் வாட்ஸாப்பில் சொந்தப் படத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்வார்களே, அப்படி ஒரு படம் மங்கலாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு கறுப்புக் காது. இன்னொரு ஓரத்தில் ஒரு வெள்ளைக் காது. நடுவில் ஈர மூக்கு.

"இது உங்க நாயா?"

"எனக்கு நாய்னாலே ஆகாதுங்க. தும்மல் வரும்" என்றார் மன்னன்.

"இதை உங்களுக்குக் குடுத்தது?"

"ஆசிரியர்தான்."

ஆசிரியரின் அறை ஓரத்தில் இருந்தது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட, வழுக்கையும் கனிவுமான மனிதர். மேசையில் அச்சடித்த தாள்கள். மறுநாள் ஒரு கல்லூரியில் 'சமூக வலைத்தள யுகத்தில் ஊடக அறம்' என்று பேசப்போகிறாராம், வெட்டித் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அண்ணி வந்த காரியத்தைச் சொன்னார்.

"அந்தப் படத்தை ஒரு நேயர் அனுப்பினார்" என்றார் ஆசிரியர் வருத்தத்தோடு. "உங்க அக்கறை புரியுது. ஆனா தகவல் குடுத்தவங்களைக் காட்டிக்குடுக்கறதில்லைம்மா. உயிரே போனாலும். அது எங்க தொழில் தர்மம்."

"நேயர் பேரு வேண்டாம் சார்" என்றார் அண்ணி. "அவரோட நாய் பேரு மட்டும் சொல்லுங்க."

ஆசிரியரின் பார்வை மேசை ஓரத்துக்குப் போய்த் திரும்பியது.

பிளேடு மேசை ஓரத்தில் இருந்த சட்டம் போட்ட படத்தை எடுத்தான். பந்தைக் கவ்விக்கொண்டு ஒரு நாய் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஒரு காது கறுப்பு, ஒரு காது வெள்ளை. ரெண்டு தரப்பையும் கேக்கற நாய் போலிருக்கு சார். பத்திரிகைக்காரர் வீட்டு நாய்னா சும்மாவா."

ஆசிரியர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். கதவும் கண்ணாடிதான் என்பதால் அதனால் பெரிய பயன் இல்லை.

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கல" என்றார். குரலில் இன்னும் அந்தக் கனிவு இருந்தது. "எங்க நிலைமையை நீங்க புரிஞ்சுக்கணும். தினம் ஒரு எபிசோடு போடணும். தினம் ஒரு பொய்க்கு நான் எங்க போவேன்?"

"நாட்டுல பொய்க்கா சார் பஞ்சம்?" என்றான் பிளேடு.

"இருக்கு. நிறைய இருக்கு. ஆனா எல்லாம் பெரிய ஆளுங்க பொய். அதைத் தொட்டா வக்கீல் நோட்டீஸ் வரும், விளம்பரம் போகும், ராத்திரியோட ராத்திரியா வாசல்ல ஆளு வந்து நிப்பான். நமக்கு வேண்டியது சின்னப் பொய். சுலபமா மறுக்கணும், எதிர்த்துப் பேச ஆளிருக்கக் கூடாது."

"அதுக்கு ஏன் இந்த டாக்டர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். ஏதோ காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "சிக்னல்ல கார் நின்னுது. எதிர்ல அவங்க போர்டு தெரிஞ்சுது."

பிளேடு கையிலிருந்த நாய்ப் படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"ஆனா நான் பொறுப்பாத்தான் நடந்துக்கிட்டேன்" என்று அவசரமாகச் சேர்த்தார் ஆசிரியர். "அதை யாருக்கும் அனுப்பல. என்னோட பழைய நம்பருக்குத்தான் அனுப்பினேன். அந்த சிம் எப்பவோ செத்துப்போச்சு. பொய் பரவிடக் கூடாதுன்னு அவ்வளவு கவனமா இருந்தேன். அப்புறம் உடனே மறுத்துட்டோம். யோசிச்சுப் பார்த்தா, அவங்க பேரைக் காப்பாத்தினதே நாங்கதான்."

"நீங்க அனுப்பின பொய் ஒருத்தரையும் போய்ச் சேரல சார்" என்றார் அண்ணி. "உங்க மறுப்பு ஒருத்தரையும் விடல. அந்தம்மாவோட பொண்ணு ஸ்கூல்ல தனியா உட்கார்ந்திருக்கா. அது உங்க பொய்யால இல்ல. நீங்க சொன்ன உண்மையால."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மறுப்பு மன்னன் நின்றுகொண்டிருந்தார். காலரில் காகிதம் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, "சார், இது வரைக்கும் நான் மறுத்ததுல எத்தனை நம்மளோடது?" என்றார்.

ஆசிரியர் தன் உரையின் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கிய தாள்களையே மறுபடி அடுக்கினார்.

"இன்னைக்கு சாயங்காலம் உங்களுக்கு நேரலை இருக்கில்ல?" என்று கேட்டார் அண்ணி மன்னனிடம். "இது நாளைக்கு வேற யார் மூலமாவது வெளிய வரும். வரும்போது ஊரு யாரைக் கேக்கும்? சாரோட முகத்தை ஊர்ல ஒருத்தரும் பார்த்ததில்ல. எல்லாருக்கும் தெரிஞ்ச முகம் உங்களுதுதான்."

மன்னனின் மனச்சாட்சி எங்கே இருந்தது என்று சொல்வது கடினம். ஆனால் அவர் கை தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்தது.

"சொல்லிடறேன்" என்றார். "எல்லாத்தையும் சொல்லிடறேன். 'பிணப்பல் மர்மம், பின்னணியில் யார்'னு ஆரம்பிச்சா..."

"இருங்க" என்று அண்ணி டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

போனில் பேனாவை மூடித் திறக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது.

"நான் அவருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டேன் அண்ணி" என்றார் டாக்டர் கடைசியில். "ராத்திரி உட்கார்ந்து, நாலு தடவை திருத்தி, தப்பில்லாம எழுதிப் போட்டேன்."

மன்னன் தரையைப் பார்த்தார்.

"அவங்க சொல்லட்டும். ஆனா என் பேரு வரக் கூடாது. என் போட்டோ வரக் கூடாது. அந்த வார்த்தை வரவே கூடாது. நாங்க பொய் சொன்னோம், சொன்னது நாங்கதான்னு அவங்களைப் பத்தி மட்டும் சொல்லட்டும்."

"பொய் என்னன்னே சொல்லாம எப்படிங்க?" என்றார் மன்னன் பரிதாபமாக. "அப்படிச் சொன்னா யாரு பார்ப்பாங்க?"

"யாரும் பார்க்காட்டிப் பரவாயில்லைன்னுதான் கேக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார் டாக்டர்.

அன்று மாலை மறுப்பு மன்னன் கண்ணாடியைக் கழற்றாமல், புருவத்தை உயர்த்தாமல், ஒரு மருத்துவரைப் பற்றித் தங்கள் சேனலே ஒரு பொய்யைத் தயாரித்து, தானே மறுத்து, அதன் மூலம் ஊரெல்லாம் பரப்பியது என்று சொன்னார். எந்தப் பொய் என்று சொல்லமாட்டேன் என்றார். மன்னிப்புக் கேட்டார். பழைய வீடியோவை நீக்கிவிட்டதாகச் சொன்னார். நிகழ்ச்சி சீக்கிரமே முடிந்துவிட்டது. டமார் ஓசை போடுகிறவர் எங்கே போடுவதென்று தெரியாமல் கடைசி வரை காத்திருந்து, கடைசியில் போடவே இல்லை.

பெரிய திரையில் எண் இறங்கிய வேகத்தைப் பார்த்து மேசைகளில் இருந்த சிலர் நாற்காலியை நெறிகள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கீழே கருத்துகள் குவிந்தன. 'என்னமோ மறைக்கிறாங்க.' 'கிட்னி டாக்டரா இருக்கும்.' 'எங்க ஏரியா கண் டாக்டர்தான், எனக்கு அப்பவே தெரியும்.' பிளேடு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான்.

"இப்ப கண்ணு, கிட்னி எல்லாம் கிளம்பிடுச்சு அண்ணி. நாளைக்கு நமக்கு நல்ல வியாபாரம்."

அண்ணி போனை அவன் கையிலிருந்து வாங்கி அணைத்தார்.

ஆசிரியர் தனிப்பட்ட காரணங்களுக்காக விலகினார். டாக்டர் அவர் மேல் வழக்குப் போட்டார். அந்த வழக்கு அதற்குரிய ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருக்க, இன்னொரு செய்தி நிறுவனம் ஆசிரியரைக் கூப்பிட்டு நெறிமுறை ஆலோசகர் என்று ஒரு பதவி கொடுத்தது. கல்லூரியில் பேச வேண்டியதை அவர் அந்த மறுநாளே பேசி முடித்திருந்தார். நல்ல கைதட்டலாம்.

சில நாள் கழித்து, வழக்குக்கு வேண்டிய படங்களைக் கொடுக்க அண்ணியும் பிளேடும் டாக்டரிடம் போயிருந்தார்கள். நாற்காலிகள் அப்போதும் காலியாகத்தான் இருந்தன. எதிர்க் கட்டடத்து டாக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் நோயாளிகள் இல்லாததால் பேச நிறைய நேரம் கிடைத்து, ஒருவருக்கொருவர் பழக்கமாகியிருந்தார்கள்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு லாரி ஓட்டுநர் உள்ளே வந்தார். ஒரு பக்கக் கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. நான்கு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "யாருங்க டாக்டரு?" என்றார் வாயைப் பாதி திறந்து.

டாக்டர் எழுந்தார். உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்கு அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உட்காருங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. என்னைப் பத்தி ஏதாவது கேள்விப்பட்டீங்களா?"

"கேள்விப்பட்டேன்."

"அது பொய்னு கேள்விப்பட்டீங்களா?"

"அதையும் கேள்விப்பட்டேன். பொய்யின்னு சொன்னது பொய்யின்னும் யாரோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல." அவர் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டார். "முந்தாநாளுலேர்ந்து கண்ணை மூடலைம்மா. இதைப் பிடுங்குங்க. அந்த இடத்துல செத்தவன் பல்லை வச்சாலும் சரி, உசுரோட இருக்கறவன் பல்லை வச்சாலும் சரி, வலிக்காம இருந்தாப் போதும்."

பிளேடு வாயைத் திறந்தான். அண்ணி அவன் காலை மிதித்தார்.

டாக்டர் அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து முகத்துக்கு நேராகத் திருப்பினார். முகமூடியை மாட்டிக்கொண்ட பிறகுதான், அதற்குள்ளே, யாருக்கும் தெரியாமல் சிரித்தார்.

"வாயை நல்லாத் திறங்க" என்றார்.